சுகர் இருக்குன்னு சொல்லிட்டாங்க, இனிமே தினமும் என்னதான் சாப்பிடுறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுகர்னு தெரிஞ்ச அன்னிக்கு வீட்ல முதல்ல ஒளிச்சு வைக்கறது சீனி டப்பாவைத்தான், ஆனா அடுத்த வேளை தட்டுல சோறு அதே அளவுலதான் விழுது. கீழ இருக்குற பதில் எல்லாத்துலயும் நான் திரும்பத் திரும்ப சொல்றது அந்த சோத்து அளவப் பத்திதான். இது டைப் 2 சுகர் இருக்குறவங்களுக்கும் பார்டர்ல இருக்குறவங்களுக்கும் எழுதினது. டைப் 1 இருக்குறவங்க, இன்சுலின் போடுற குழந்தைங்க, இவங்களோட சாப்பாட்டு அளவு ஊசி அளவோட சேர்ந்தது, அதனால அத டாக்டர்கிட்டயே உக்காந்து போட்டுக்கணும்.

ரிப்போர்ட்ல இருக்குற நம்பருக்கெல்லாம் என்ன அர்த்தம்?

ரத்தத்துல இருக்குற சுகர் வெறும் வயித்துல 100க்கு கீழ இருந்தா நார்மல், 100லேர்ந்து 125 வரைக்கும் பார்டர், 126 இல்ல அதுக்கு மேல வந்தா சுகர். பொதுவா ஒரே ஒரு டெஸ்ட்ட வச்சு முடிவு பண்ண மாட்டாங்க, இன்னொரு தடவை எடுத்து உறுதி பண்ணுவாங்க. எச்பிஏ1சி-ன்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, அது ரத்த சுகரோட கிட்டத்தட்ட மூணு மாச சராசரி, 5.7க்கு கீழ நார்மல், 6.5லேர்ந்து சுகர், நடுவுல இருக்குறது பார்டர். டெஸ்ட்டுக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் பத்தியமா இருந்து வெறும் வயித்து நம்பர கொஞ்சம் குறைச்சுக் காட்டலாம், இந்த மூணு மாச நம்பர்கிட்ட அது நடக்காது. ஒரு விஷயம் மட்டும் கவனிங்க, ரத்த சோகை இருந்தா இந்த எச்பிஏ1சி சரியா காட்டாது, நம்ம வீட்டுப் பொம்பளைங்கள்ல நிறைய பேருக்கு ரத்தம் கம்மியாத்தான் இருக்கு, அதனால ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாத்துடுங்க.

சுகர் வந்து மருந்து எடுக்குறவங்களுக்கு குறி வேற. நிறைய பேருக்கு வெறும் வயித்துல 80லேர்ந்து 130, சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல 180க்கு கீழ, எச்பிஏ1சி 7க்கு கீழன்னு வைப்பாங்க. வயசானவங்களுக்கு டாக்டர் இன்னும் கொஞ்சம் தளர்த்தி சொல்லுவாங்க, ஏன்னா அவங்களுக்கு சுகர் ரொம்ப இறங்குறதுதான் பெரிய ஆபத்து.

அப்போ சோறே சாப்பிடக்கூடாதா?

சாப்பிடலாம். எவ்வளவுங்கறதுதான் கேள்வி.

வெந்த சோறு 100 கிராம்ல சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கு, அது மொத்தமும் வயித்துக்குள்ள போய் குளுக்கோஸாத்தான் மாறும். ஒரு நாள் மதியம் நீங்க வழக்கமா போடுற சோத்த சமையல் தராசுல வச்சுப் பாருங்க, நிறைய வீட்ல 350, 400 கிராம்னு காட்டும். அப்படின்னா ஒரே வேளையில 100 கிராம் மாவுச்சத்து, சீனிக் கணக்குல இருபது ஸ்பூன். காபில ஒரு ஸ்பூன் சீனியக் குறைச்சுட்டு சுகர் ஏன் இறங்கலன்னு கேக்குறவங்களுக்கு பதில் இங்கதான் இருக்கு.

நம்ம சாப்பாட்டு முறையே சோத்த மூணு தடவை இழுக்குற முறை. சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவைன்னு போட்டுக்கிட்டே இருப்போம், காய் ஒரு ஓரத்துல ரெண்டு ஸ்பூன் தொட்டுக்க இருக்கும். இத அப்படியே மாத்துங்க. சோறு சாம்பாரோட இல்ல குழம்போட ஒரே தடவைதான், ரசத்த டம்ளர்ல ஊத்திக் குடிச்சுடுங்க, மோரையும் அப்படியே குடிங்க. தட்டுல பாதி காய், கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இதுல ஏதாவது, மீதி கால் பங்குதான் சோறு. எங்க வீட்ல அம்மாவுக்கு சின்ன கிண்ணத்துல சோத்த அமுக்காம எடுத்து தட்டுல கவுத்திடுவோம், அவ்வளவுதான் அந்த வேளைக்கு, குக்கர மேசைக்கே கொண்டு வர மாட்டோம். குக்கர் பக்கத்துல இருந்தா கை தானா போகும்.

அதுக்காக நாளைக்கே பாதியாக் குறைக்காதீங்க, சாயங்காலம் நாலு மணிக்கு பசி தாங்காம பிஸ்கட் பாக்கெட்ட பிரிச்சிடுவீங்க. வாரத்துக்கு கொஞ்சமா குறைச்சு, குறையுற இடத்த காயாலயும் பருப்பாலயும் நிரப்புங்க. மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவங்க அளவக் குறைக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, மருந்தோட டோஸையும் அதுக்கேத்த மாதிரி மாத்த வேண்டியிருக்கும்.

எந்த அரிசி நல்லது?

ஒரு சாப்பாடு சுகர எவ்வளவு வேகமா ஏத்துதுன்னு காட்டுற நம்பர்தான் கிளைசீமிக் இண்டெக்ஸ். பொன்னி அரிசிக்கு அது கிட்டத்தட்ட 70, சோனா மசூரி 72ன்னு சென்னையிலயே டெஸ்ட் பண்ணி சொல்லியிருக்காங்க. 55 வரைக்கும் இருந்தா குறைவு, 70லேர்ந்து அதிகம்னு கணக்கு, அதாவது நாம தினம் சாப்பிடுறது ரெண்டுமே அதிகத்துல சேருது. கைக்குத்தல் அரிசி, சிவப்பரிசி, மாப்பிள்ளை சம்பா இதெல்லாம் தவிடோட இருக்குறதால மெதுவா ஏறும், நார்ச்சத்தும் உண்டு. ஆனா கைக்குத்தல்னு சொல்லி அதையும் மலை மாதிரி போட்டுக்கிட்டா பிரயோஜனம் இல்ல. வாங்க முடியலன்னா கவலப்படாதீங்க, ரேஷன் அரிசியையே அளவாப் போட்டு கூட கீரையும் பயறும் சேர்த்தாலும் நல்ல வித்தியாசம் தெரியும்.

ராத்திரி சப்பாத்திக்கு மாறிட்டோம், அப்புறமும் காலைல சுகர் அப்படியே இருக்கே?

ஒரு சப்பாத்தில சுமார் 20 கிராம் மாவுச்சத்து. நாலு சப்பாத்தி, கூட உருளைக்கிழங்கு குருமான்னா சோத்துக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சப்பாத்தியால சில பேருக்கு சுகர் குறையுதுன்னா அதுக்குக் காரணம் எண்ணி சாப்பிடுறோம்ங்கறதுதான், சோத்த யாரும் எண்ணுறதில்ல. ரெண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் நிறைய பச்சப்பயறு இல்ல காய் கூட்டுன்னு வச்சுக்கோங்க. பரோட்டாவ சப்பாத்தியோட தம்பின்னு நினைக்காதீங்க, அது முழுக்க மைதாவும் எண்ணெயும்.

காலைல வெறும் வயித்து சுகர் ஏறுறதுக்கு ராத்திரி சாப்பாடு மட்டும் காரணம் இல்ல, விடியற நேரத்துல உடம்புல சுரக்குற சில ஹார்மோன்களால கல்லீரலே குளுக்கோஸ வெளிய விடும். பத்து மணிக்கு மேல சாப்பிட்டுட்டு உடனே படுக்குறவங்களுக்கு இது இன்னும் மோசமாத் தெரியும். எட்டு மணிக்குள்ள சாப்பிடப் பாருங்க, அப்பவும் இறங்கலன்னா அது மருந்து சம்பந்தப்பட்ட விஷயம், பட்டினி கிடந்து சரி பண்ற வேலை இல்ல.

இட்லி ஆவில வேகுது, எண்ணெயே இல்ல, அது நல்லதுதானே?

வயித்துக்கு நல்லதுதான். சுகருக்கு எண்ணெய் இல்லங்கறது முக்கியம் இல்ல, அரிசி எவ்வளவுங்கறதுதான் முக்கியம். ஒரு நடுத்தர இட்லில சுமார் 10 கிராம் மாவுச்சத்து, வீட்ல அஞ்சு ஆறுன்னு போகும், அதுக்கு தண்ணி சாம்பார், அதுல பருப்ப தேடித்தான் பாக்கணும். ரெண்டு மூணு இட்லியோட நிறுத்திட்டு, சாம்பார கெட்டியா காய் போட்டு கிண்ணத்துல வாங்கிக்கோங்க, கூட ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ வச்சா மதியம் வரைக்கும் பசி தாங்கும்.

டிபன்ல எனக்குப் பிடிச்சது அடையும் பெசரட்டும். அடைல பருப்பு அதிகமா அரிசி கம்மியாப் போட்டு, வெங்காயம், முருங்கைக்கீரை கலந்து ஊத்துங்க, ரெண்டு அடைக்கே வயிறு நிறைஞ்சிடும். பெசரட்டு முழுக்க பச்சப்பயறுல ஊத்தலாம், அரிசியே தேவையில்ல. வெண்பொங்கல், பூரி கிழங்கு, சேமியா உப்புமா இது மூணும் என்னைக்காவது ஒரு நாள்னு வச்சுக்கோங்க. பொங்கல்ல நெய் இருக்குறதால சுகர் உடனே ஏறாம லேட்டா ஏறும், ரெண்டு மணி நேர டெஸ்ட்ல நல்லா இருக்கே பாத்தீங்களான்னு சந்தோஷப்பட்டா அதுக்கப்புறம் மேல போயிருக்கும்.

கேழ்வரகுக் கஞ்சி, கம்பு, தினை எல்லாம் சுகருக்கு மருந்துன்னு சொல்றாங்களே?

சிறுதானியம் நல்ல சாப்பாடு, கேழ்வரகுல கால்சியம் அவ்வளவு இருக்கு, நார்ச்சத்தும் இருக்கு. ஆனா மருந்துங்கறது தப்பு. காஞ்ச கேழ்வரகுலயும் 100 கிராமுக்கு 70 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கு, அரிசிக்கும் அதுக்கும் அந்த விஷயத்துல பெரிய தூரம் இல்ல. அதுலயும் நைசா அரைச்சு, கொழகொழன்னு காய்ச்சி, சொம்பு நிறைய கஞ்சியாக் குடிக்கும்போது மெல்ற வேலையும் இல்லாம சுகர் வேகமா ஏறிடும். கஞ்சி குடிச்சும் சுகர் ஏறுதேன்னு சொல்றவங்கள கேட்டுப் பாத்தா இதுதான் நடந்திருக்கும். ரொட்டியாத் தட்டுங்க, முருங்கைக்கீரை வெங்காயம் நிறைய போட்டு. களியா சாப்பிட்டா சின்ன உருண்டையா வச்சு கீரைக் குழம்பு அதிகமா ஊத்திக்கோங்க.

சாமை, வரகு, குதிரைவாலி வாங்கும்போது வெள்ளை வெளேர்னு இருந்தா தவிட நல்லா நீக்கிட்டாங்கன்னு அர்த்தம், அதோட பாதி நல்லதும் போயிடுச்சு. கொஞ்சம் மங்கலா இருக்குறதப் பாத்து வாங்குங்க. சத்து மாவு பாக்கெட்ல பின்னாடி என்னென்ன போட்டிருக்காங்கன்னு படிச்சுட்டு வாங்குங்க, சில பாக்கெட்ல சீனியே மேல இருக்கும்.

பழைய சோறு சாப்பிட்டா சுகர் ஏறாதுன்னு சொல்றாங்க, உண்மையா?

சோறு ஆறும்போது அதுல இருக்குற மாவுச்சத்துல ஒரு பகுதி எளிதா ஜீரணம் ஆகாத மாதிரி மாறுது, அது நிஜம். ஆனா அந்தப் பகுதி சின்னது, மீதி எல்லாம் வழக்கம்போல குளுக்கோஸ்தான். ஒரு சின்ன கிண்ணம் பழைய சோறு, நிறைய மோர், சின்ன வெங்காயம்னு சாப்பிட்டா தப்பில்ல. தொட்டுக்க ஊறுகாயும் மோர் மிளகாயும் அதிகமாப் போனா பிபிக்குதான் வினை.

வெள்ளைச் சீனிய நிறுத்திட்டு நாட்டுச்சக்கரை, கருப்பட்டி, தேன் போடலாமா?

வேணாம். எல்லாமே சுகர ஏத்தும். கருப்பட்டில கொஞ்சம் இரும்புச் சத்து இருக்கலாம், ஆனா ரெண்டு ஸ்பூன்ல கிடைக்கற சத்துக்காக தினம் சுகர ஏத்திக்கணுமா, அத ஒரு கைப்பிடி கீரைல எடுத்துக்கலாமே. நல்ல படிச்சவங்க வீட்லயே இத நம்பி மூணு வேளை கருப்பட்டி காபி குடிக்கறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு. சீனி இல்லாத காபி முதல் ரெண்டு வாரம்தான் கசக்கும், அரை ஸ்பூன் அரை ஸ்பூனாக் குறைச்சுட்டு வந்தா நாக்கு பழகிடும்.

பழம் சாப்பிடலாமா?

கொய்யா, நெல்லிக்காய், நாவல் பழம், பப்பாளி ஒரு கிண்ணம், சின்ன ஆப்பிள், சாத்துக்குடி தோலுரிச்சு சுளையா, இதெல்லாம் ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவை தாராளமா. மாம்பழம் சீசன்ல ஆசை இருக்கும், ரெண்டு மூணு துண்டோட நிறுத்திக்கோங்க, அன்னிக்கு அந்த வேளை சோத்தக் குறைச்சுடுங்க. ஒரு பெரிய பங்கனப்பள்ளி முழுசா சாப்பிட்டா அது நாலு இட்லிக்கு சமம். வாழைப்பழம் சின்னதா ஏலக்கி மாதிரி, ரொம்பக் கனியாததா ஒண்ணு. சாப்பாடு முடிஞ்ச உடனே பழம் வேணாம், பதினோரு மணிக்கோ நாலு மணிக்கோ தனியா சாப்பிடுங்க.

ஜூஸ் எதுவும் வேணாம், சீனி போடாததும் வேணாம். நாலு பழத்த புழிஞ்சு ஒரே மூச்சுல குடிக்கறோம், நார்ச்சத்து சக்கையோட போயிடுது. இளநீர் என்னைக்காவது ஒண்ணு பரவாயில்ல, கிட்னி பிரச்சனை இருந்தா அதுவும் டாக்டர கேட்டுட்டுத்தான்.

சாயங்காலம் டீயோட என்ன சாப்பிடுறது?

மேரி பிஸ்கட்டும் ரஸ்க்கும் சுகர்காரங்க சாப்பாடுன்னு எப்படியோ நம்ம ஊர்ல பதிஞ்சு போச்சு, ரெண்டுமே மைதாவும் சீனியும்தான். கொண்டைக்கடலை சுண்டல், வேகவச்ச வேர்க்கடலை, பொரிகடலை ஒரு கைப்பிடி, வெள்ளரிக்காய், இதுல எது கையில இருக்கோ அது. நவராத்திரிக்கு ஒன்பது நாளும் விதவிதமா சுண்டல் பண்றோம்ல, அதையே வருஷம் முழுக்க வாரத்துல நாலு நாள் பண்ணுங்க, தேங்காய மட்டும் கொஞ்சமாத் தூவுங்க.

முதல்ல காய், அப்புறம் சோறுன்னு வரிசை மாத்தினா சுகர் குறையுமாமே?

குறையும், செலவே இல்லாத வழி இது. காயையும் பருப்பையும் முதல்ல சாப்பிட்டுட்டு சோத்த கடைசில எடுத்தா சாப்பிட்டதும் ஏறுற சுகர் குறைவா ஏறுதுன்னு ஆராய்ச்சிலயே பாத்திருக்காங்க. பொரியல முதல்ல ஒரு கிண்ணம் தனியா சாப்பிட்டு முடிங்க, அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு சோறு. சாப்பிட்டு முடிச்சதும் உக்காராம பத்து பதினஞ்சு நிமிஷம் மொட்டை மாடிலயோ தெருவுலயோ நடங்க, காலோட தசை குளுக்கோஸ இழுத்துக்கும்.

பாகற்காய் ஜூஸ், வெந்தயம், ஆவாரம்பூ?

வெந்தயம் ஊறவச்சு சாப்பிட்டா சின்னதா உதவலாம், நார்ச்சத்து இருக்கு. பாகற்காய பொரியலா, பிட்லையா சாப்பிடுங்க, நல்ல காய். ஆனா இத நம்பி மாத்திரைய நிறுத்தாதீங்க. ஆஸ்பத்திரில கால் புண்ணோட வர்றவங்கள்ல பலபேரு யாரோ சொன்னாங்கன்னு மருந்த விட்டவங்க. கம்பெனி பேரே இல்லாத பொடி, லேகியம் எல்லாம் வாங்காதீங்க, உள்ள என்ன கலந்திருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது.

சுகர் திடீர்னு இறங்கிட்டா என்ன பண்ணணும்?

இத வீட்ல எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், படபடன்னு இருக்கும், பேச்சு குழறும், சில பேரு காரணமே இல்லாம எரிஞ்சு விழுவாங்க. வீட்ல சுகர் பாக்குற மெஷின்ல 70க்கு கீழ காட்டினா, மெஷின் இல்லன்னா அறிகுறிய வச்சே, உடனே மூணு ஸ்பூன் சீனிய தண்ணில கலக்கிக் குடுங்க. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலன்னா இன்னொரு தடவை குடுங்க, அப்புறம் சாப்பாடு.

உங்க மாத்திரை அட்டைல வோக்லிபோஸ்னோ அகார்போஸ்னோ இருந்தா இன்னொன்னும் தெரிஞ்சுக்கோங்க. அந்த மருந்து சீனிய குடல்ல உடைய விடாம பண்ணும், அதனால சீனித் தண்ணி வேலை செய்ய லேட்டாகும், மெடிக்கல்ல கிடைக்கற குளுக்கோஸ் பவுடர்தான் வேணும், ஒரு பாக்கெட் எப்பவும் பையில இருக்கட்டும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும், 108க்கு போன் பண்ணுங்க.

கிளிமிப்பிரைடு மாதிரி மாத்திரை போடுறவங்களுக்கும் இன்சுலின் போடுறவங்களுக்கும்தான் இப்படி சுகர் இறங்குறது அதிகமா வரும். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தா அபூர்வம்.

விரதம் இருக்கலாமா?

சஷ்டியோ ஏகாதசியோ ரம்ஜான் நோன்போ, எதுவா இருந்தாலும் முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரை நேரத்தையும் அளவையும் மாத்தி வாங்கிக்கோங்க, ரம்ஜானுக்கு ஒண்ணு ரெண்டு மாசம் முன்னாடியே போங்க. டபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுக்குறவங்க பட்டினி கிடந்தா ரத்தத்துல அமிலம் ஏறுற ஆபத்து உண்டு, சுகர் நம்பர் பெருசா ஏறாமலே அது வரலாம். நோன்புல சுகர் 70க்கு கீழ இறங்கினா அப்பவே முடிச்சுக்கணும்.

சாப்பாட்ட மாத்தினா மாத்திரையே தேவைப்படாதா?

பார்டர்ல இருக்குறவங்களுக்கு சாப்பாடும் நடையும் பெரிய ஆயுதம். டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு சென்னையில நடத்தி 2006ல வெளியிட்ட ஆய்வுல, பார்டர்ல இருந்தவங்கள மூணு வருஷம் போல கவனிச்சாங்க, சாப்பாடும் உடற்பயிற்சியும் மாத்தினவங்களுக்கு சுகர் வர்ற வாய்ப்பு 28 சதவீதம் போல குறைஞ்சுது, மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நாடு முழுக்க நடந்து 2023ல வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வுப்படி இந்தியாவுல சுகர் இருக்குறவங்க 10.1 கோடி, பார்டர்ல 13.6 கோடி பேரு. அந்த 13.6 கோடி பேருக்கு இன்னும் நேரம் இருக்கு, அதனாலதான் இதெல்லாம் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

ஏற்கனவே சுகர் வந்தவங்கள்ல, வந்து சில வருஷத்துக்குள்ள நல்லா எடை குறைச்சவங்க சிலருக்கு மருந்து இல்லாமலே நார்மலுக்கு வந்திருக்கு, அதுவும் டாக்டர் கண்காணிப்புல. நீங்களா நிறுத்துறது வேற, டாக்டர் பாத்துக் குறைக்கறது வேற. மாத்திரை வாங்க காசு இல்லன்னு விடுறவங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாக் கிடைக்குது, 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்கறாங்க, உங்க ஏரியா சுகாதார ஊழியர்கிட்ட கேளுங்க.

கிட்னியும் கொஞ்சம் பாதிச்சிருக்குன்னு சொன்னாங்க, மேல சொன்னதெல்லாம் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. பருப்பு, சுண்டல், கீரை, பழம், இளநீர் எல்லாத்துக்கும் அளவு உங்க கிரியாட்டினின், பொட்டாசியம் நம்பரப் பொறுத்து மாறும். டயட்டீஷியன்கிட்ட ரிப்போர்ட்டோட போங்க.

வீட்ல எல்லாருக்கும் ஒரே சமையல் போதுமா, சுகர்காரங்களுக்கு தனியாவா?

ஒரே சமையல்தான். தனியா சமைச்சா அவங்க தட்டு மட்டும் தண்டனை மாதிரி ஆகிடும், சமைக்கறவங்களுக்கும் ரெட்டை வேலை. அப்பா அம்மாவுக்கு இருந்தா பிள்ளைங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம், அதனால காயும் பயறும் கூடின சாப்பாடு எல்லாருக்குமே நல்லது. வளர்ற பிள்ளைங்களுக்கு மட்டும் சோறு கொஞ்சம் கூட வைங்க.

எனக்கு எது ஏத்துது எது ஏத்தலன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

ஒரே இட்லி ஒருத்தருக்கு 40 ஏத்தும், இன்னொருத்தருக்கு 80 ஏத்தும், அதனால வீட்ல ஒரு மெஷின் இருந்தா நல்லது. சாப்பிடுறதுக்கு முன்னாடி ஒண்ணு, முதல் வாய் வச்சதுலேர்ந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு, ரெண்டையும் என்ன சாப்பிட்டீங்கன்னு நோட்ல எழுதுங்க. தினமும் வேணாம், ஸ்ட்ரிப் விலை ஏறிக் கிடக்கு, வாரத்துக்கு ஒரு நாள் ஒரு சாப்பாட்ட எடுத்துப் பாருங்க, இந்த வாரம் தோசை, அடுத்த வாரம் அடை. குத்துறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவி நல்லாத் துடைச்சுடுங்க, மாம்பழம் நறுக்கின கையோட குத்தினா விரல்ல ஒட்டின சாறே நம்பர எங்கயோ கொண்டு போயிடும். விரல் நுனி நடுவுல குத்தாம பக்கவாட்டுல குத்தினா வலி குறைவு. அந்த நோட்ட அடுத்த தடவை டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க.